அடுக்களைப் பேச்சு: தேனும் கடுகும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் மாடி வீட்டு மருமகப் பெண் நிற்கிறாள். கையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். முகத்தில் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவே ஒரு தினுசான பாவம்.

"அக்கா, இதைக் கொஞ்சம் நாக்கில் வைத்துப் பாருங்கள். நான் என்ன தப்புப் பண்ணினேன் என்று சொல்லுங்கள்" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். அடியில் பழுப்பு நிறத்தில் சேறு மாதிரி என்னவோ படிந்திருந்தது. மேலே எண்ணெய் தனியாக மிதந்தது. ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தேன். முதலில் தித்திப்பு, அடுத்த நொடி வேப்பங்கொழுந்தைக் கடித்தது போல் ஒரே கசப்பு!

"என்னம்மா இது, கஷாயமா?"

"போங்கள் அக்கா! தேன் - கடுகு டிரெஸ்ஸிங். ஸாலட் மேல் ஊற்றிக்கொள்வது."

விஷயம் இதுதான். அந்தப் பெண்ணுக்கு ஆபீஸ் சிற்றுண்டிச்சாலையில் பழக்கமான ருசி அது. வெள்ளரிக்காய், காரட், கோஸ் இவற்றைப் பச்சையாக நறுக்கி, மேலே தித்திப்பும் புளிப்பும் சுறுசுறுப்புமாக இந்தக் கலவையைத் தெளித்துச் சாப்பிடுவாள். கடையில் ஒரு பாட்டில் முந்நூறு ரூபாய்க்குச் சில்லறை குறைவு. அதைப் பார்த்து விட்டார் ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார். மார்த்தாண்டம் பக்கத்து அம்மாள். ஏழு மாதப் பேத்தியைப் பார்த்துக்கொள்வதற்காக வந்து நாலு மாதம் ஆகிறது.

"கடுகும் தேனும் கலந்ததுக்கா முந்நூறு ரூபா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மாமியார் கேட்கும் ஒரு கேள்வியில் எத்தனை கேள்வி அடங்கியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாதா? பெண்ணுக்கு ரோஷம் வந்துவிட்டது. 'வீட்டிலேயே செய்து காட்டுகிறேன்' என்று இறங்கிவிட்டாள். அதன் பலன்தான் என் கையில் இருந்த கிண்ணம்.

"கடுகை எப்படி அரைத்தாய்?"

"மிக்ஸியில் வெந்நீர் விட்டு அரைத்தேன். நன்றாக ஊறட்டுமே என்றுதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெந்நீரா! அதுதான் சங்கதி. வா, மேலே போகலாம். இதற்குக் கெட்டிக்காரர் உன் வீட்டிலேயே இருக்கிறார்" என்று அவளை அழைத்துக்கொண்டு மாடி ஏறினேன். அவளுக்கு அவ்வளவாக இஷ்டமில்லை. மாமியாரும் மருமகளும் குழந்தையைப் பற்றித் தவிர வேறு பேச்சே பேசிக்கொள்வதில்லை என்பது எனக்குத் தெரியும். சண்டை கிடையாது, சிநேகமும் கிடையாது. எண்ணெயும் தண்ணீரும் ஒரே கிண்ணத்தில் இருப்பது போல இருந்தார்கள்.

அம்மாள் கூடத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தை நீட்டினேன். ஒரு துளி தொட்டு வைத்துக்கொண்டார். முகம் சுளிக்கவில்லை. "வெந்நி ஊத்தினியா மக்களே?" என்று மருமகளைப் பார்த்துக் கேட்டார். பெண் வியந்து போனாள்.

"எங்க ஊர்ல வெள்ளரிக்காய்க் கிச்சடிக்குக் கடுகு சதைச்சுப் போடுவோம், கேட்டியா? பச்சைக் கடுகு. பச்சைத் தண்ணியிலதான் சதைக்கணும். சுடுதண்ணி பட்டா கடுகு செத்துப் போகும். செத்த கடுகு கசக்கத்தான் செய்யும்."

இங்கே கிச்சடி என்றதும் ரவைக் கிச்சடியை நினைத்துக்கொள்ளாதீர்கள். நாஞ்சில் நாட்டில் தயிரும் தேங்காயும் நசுக்கிய கடுகும் சேர்ந்த பச்சடிக்குத்தான் அந்தப் பெயர். விருந்து இலையில் வைப்பார்கள். மூக்கில் ஏறும் அதன் சுறுக்கு தெரிந்தவர்களுக்குத் தேன் - கடுகுக் கலவை ஒன்றும் அந்நியச் சரக்கு அல்ல.

'கடுகு செத்துப் போகும்' என்று அந்த அம்மாள் சொன்னது வெறும் வாய்வார்த்தை இல்லை, சகோதரிகளே! கடுகு மணி முழுசாக இருக்கும்வரை காரமே கிடையாது. வாயில் போட்டு விழுங்கிப் பாருங்கள், ஒன்றும் தெரியாது. அதனுள்ளே இரண்டு சரக்குகள் தனித்தனி அறையில் இருக்கின்றன. ஒன்று சினிக்ரின் என்னும் கசப்புப் பொருள். மற்றொன்று மைரோசினேஸ் என்னும் நொதி. மணியை நசுக்கித் தண்ணீர் விட்டால் சுவர் இடிந்து இரண்டும் சேர்கின்றன. அப்போதுதான் மூக்கைத் துளைக்கும் அந்தக் காரம் புதிதாகப் பிறக்கிறது. பத்து நிமிஷம் போதும். ஆனால் அந்த நொதிக்குச் சூடு ஆகாது. கொதிநீர் பட்டால் அது வேலை செய்யாமல் படுத்துவிடும்; காரம் பிறக்காது, கசப்புதான் எஞ்சும்.

தாளிக்கும்போது கடுகு படபடவென்று வெடிக்கிறதே, ரசத்தில் அந்தக் கடுகைக் கடித்தால் காரமா இருக்கிறது? இல்லை, வறுத்த வாசனைதான். எண்ணெயின் சூட்டில் நொதி போய்விடுகிறது. காரணம் இப்போது புரிகிறதல்லவா?

அம்மாள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். ஒரு கை கடுகை எடுத்துத் தட்டில் பரப்பினார். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"என்ன பார்க்கிறீர்கள் அத்தை?" என்றாள் பெண். அவளாகக் கேட்ட முதல் கேள்வி அது என்று நினைக்கிறேன்.

"கல்லு, மண்ணு, பெறகு பிரமதண்டு விதை. அது கடுகு போலத்தான் இருக்கும். கடுகு வழவழன்னு இருக்கும். அது சொரசொரன்னு குழி விழுந்திருக்கும்."

எவ்வளவு சரியான பேச்சு! பிரமதண்டு விதை விஷம். 1998-ஆம் வருஷம் டில்லியில் அந்த விதையின் எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்து போய், கால் கை வீங்கும் நோய் பரவிப் பல பேர் இறந்து போனார்கள். கடுகைத் தாளிப்புக்கு ஒரு சிட்டிகை போடுவது வேறு. அரைத்துப் பச்சையாகச் சாப்பிடுவது வேறு. நல்ல கடையில் சுத்தமான கடுகாக வாங்கி, ஒரு நிமிஷம் தட்டில் போட்டுப் பார்த்து எடுப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

இனிச் செய்முறை. அன்று நாங்கள் செய்த அளவையே தருகிறேன். நாலு பேருக்குப் போதும்.

தேவையான சாமான்கள்:
கடுகு - 1 மேஜைக் கரண்டி
பச்சைத் தண்ணீர் - 2 மேஜைக் கரண்டி
வினிகர் அல்லது எலுமிச்சம்பழச் சாறு - 1 மேஜைக் கரண்டி
தேன் - 2 மேஜைக் கரண்டி
மணம் அதிகமில்லாத எண்ணெய் - 4 மேஜைக் கரண்டி
உப்பு - கால் தேக்கரண்டி
மிளகுப் பொடி - ஒரு சிட்டிகை

கடுகை ஈரமில்லாத சிறிய மிக்ஸி ஜாரில் போட்டு விட்டு விட்டுச் சுற்றிப் பொடியாக்குங்கள். ஒரேயடியாக ஓட்டினால் ஜாரே சூடாகிவிடும். பொடியைக் கிண்ணத்தில் கொட்டி, பச்சைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, பத்து நிமிஷம் மூடி வையுங்கள். திறந்ததும் முகத்தைக் கிட்டே கொண்டு போகாதீர்கள்; கண்ணில் நீர் வந்துவிடும். எனக்கு வந்தது!

பத்து நிமிஷம் ஆன பிறகுதான் வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட வேண்டும். புளிப்புப் பட்டதும் காரம் மேலும் வளராமல் நின்று, இருக்கிற காரம் நிலைக்கும். குழந்தைகளுக்காகக் காரம் குறைவாக வேண்டுமென்றால் காத்திராமல் முதலிலேயே புளிப்பை விட்டுக் குழைத்துவிடுங்கள். கடுகையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். மஞ்சள் கடுகு கிடைத்தால் அதன் காரம் இன்னும் சாதுவானது.

பிறகு உப்பு, மிளகுப் பொடி, தேன் மூன்றையும் சேர்த்துக் கலக்குங்கள். கடைசியில் எண்ணெய். இங்கேதான் நம் மாடிப் பெண் இரண்டாவது தடவை சறுக்கினாள். நாலு கரண்டி எண்ணெயையும் ஒரே மூச்சில் கொட்டியிருக்கிறாள். அப்படிச் செய்தால் எண்ணெய் மேலே, மற்றது கீழே என்று பிரிந்து நிற்கும். ஒரு கையால் கரண்டியையோ முள்கரண்டியையோ வைத்து விடாமல் அடித்துக்கொண்டே, மறு கையால் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பாதி எண்ணெய் போன பிறகு மெல்லிய நூல் போல ஊற்றலாம். அப்போது எண்ணெய் பொடிப் பொடித் துளியாக உடைந்து போகும். கடுகுப் பொடியும் அதன் தோலிலிருக்கும் கொழகொழப்பும் அந்தத் துளிகளைச் சுற்றி நின்று, மறுபடி ஒன்று சேரவிடாமல் தடுக்கும். கலவை கெட்டியாகி, வெண்ணெய் போலப் பளபளக்கும். எண்ணெயையும் புளிப்பையும் சேர்த்து வைக்கிற தரகர் கடுகுதான்.

அம்மாள் எண்ணெய் விட, பெண் அடித்தாள். இரண்டு பேரும் ஒரே கிண்ணத்தின் மேல் குனிந்து நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

புதிதாகச் செய்த கடுகில் இலேசான கசப்பு இருக்கத்தான் இருக்கும். அதற்காகப் பயப்படாதீர்கள். கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஓர் இரவு ஐஸ் பெட்டியில் வைத்தால் தணிந்துவிடும். ஆகவே விருந்துக்கென்றால் முதல் நாளே செய்வது உத்தமம். ஒரு வாரத்துக்குள் தீர்க்கிற அளவே செய்யுங்கள். நாளாக ஆகக் காரம் போய்விடும். பூண்டு தட்டிப் போட்டால் ருசிதான். ஆனால் பூண்டு போட்டதைச் சேமித்து வைக்காமல் அன்றன்றே தீர்த்துவிடுவது நல்லது. காய்களின் மேல் பரிமாறுகிற நேரத்தில் ஊற்றுங்கள். முன்கூட்டியே ஊற்றினால் உப்பு வெள்ளரிக்காயின் நீரையெல்லாம் இழுத்துத் தட்டில் குளம் கட்டிவிடும். வேகவைத்த உருளைக்கிழங்கு, முளைகட்டின பயறு, பன்னீர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அசைவம் சாப்பிடுகிறவர்கள் வறுத்த கோழிக்குத் தொட்டுக்கொள்வார்கள்.

"இதை வெள்ளைக்காரன்தானே கண்டுபிடிச்சான்?" என்று அம்மாள் கேட்டார்.

பழைய சங்கதி அது. அபீஸியஸ் என்பவர் பெயரில் வழங்கும் ரோமாபுரிச் சமையல் புத்தகத்திலேயே கடுகு, தேன், காடி, எண்ணெய் சேர்ந்த கலவைகள் இருக்கின்றன. பிற்காலத்தில் பிரான்ஸிலுள்ள டிஜோன் நகரம் கடுகு விழுதுக்குப் பேர் பெற்றது. வேடிக்கை என்னவென்றால், டிஜோன் விழுதுக்கு இப்போது பெரும்பாலும் அரைக்கிற பழுப்புக் கடுகும், நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிற கடுகும் ஒரே ஜாதிதான். அதிலும் பெரும்பகுதி கனடாவில் விளைந்து கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது. 2021-இல் கனடாவில் மழை பொய்த்து வெயில் கொளுத்தியது. மறு வருஷம் பிரான்ஸில் கடைக்குக் கடை கடுகு பாட்டில் இல்லையென்று கையை விரித்தார்கள்! அமெரிக்காவில் விற்கிற கடுகு விழுதின் பளிச்சென்ற மஞ்சள் நிறமோ, நம் மஞ்சள் பொடி கொடுக்கிற நிறம்.

"அப்போ நம்ம சரக்குதான்" என்று அம்மாள் சிரித்தார்.

தேனும் அவர் சரக்குதான். மார்த்தாண்டம் தேன் என்றால் தெரியாதவர் யார்? 1920-களில் அங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராம நிலையத்தில் ஸ்பென்ஸர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மரப்பெட்டியில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தார். இன்று ரப்பர்த் தோட்டங்களுக்குள்ளே வரிசை வரிசையாகத் தேன் பெட்டிகள். அம்மாளின் தம்பியும் பெட்டி வைத்திருக்கிறாராம். அவர் கொடுத்த பாட்டிலைத் துணியில் சுற்றி ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். அடியில் வெள்ளையாக உறைந்திருந்தது. 'சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறார்கள்' என்று பிள்ளை சொன்னானாம். அப்படியல்ல, நல்ல தேனும் உறையும். ரப்பர்த் தேன் சீக்கிரமே உறையும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி வைத்தால் இளகிவிடும். தேனைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, காகிதத்தில் தடவிப் பார்ப்பது என்று வீட்டுச் சோதனைகள் பல சொல்வார்கள். அவற்றை நம்பி ஒரு முடிவுக்கும் வர முடியாது.

இதுவரை எல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தேனை அளந்து விட்ட கரண்டியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. குழந்தை என் இடுப்பிலிருந்து பாட்டியிடம் தாவியது. அம்மாள் வாங்கிக்கொண்டு, சுண்டு விரலால் கரண்டியைத் தொட்டு, "என் ராசாத்திக்கு மாமன் வீட்டுத் தேனு" என்று குழந்தையின் வாயருகே கொண்டு போனார். குழந்தையும் குருவிக்குஞ்சு போல வாயைத் திறந்தது.

"அத்தை!"

பெண் பாய்ந்து வந்து அம்மாளின் கையைப் பிடித்துவிட்டாள். கரண்டி கீழே விழுந்தது. குழந்தை வீரிட்டது. ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை.

"நான் விஷமா குடுத்தேன்?" என்றார் அம்மாள். குரல் உயரவே இல்லை. "என் பிள்ளைக்குப் பொறந்த அன்னைக்கே நான்தான் சேனை வச்சேன். முப்பத்தி மூணு வயசாகி உன் முன்னால நடமாடுதான்." குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டுப் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார்.

பெண்ணின் கண்ணில் நீர் தளும்பியது. "நான் கையைப் பிடித்தது தப்புத்தான் அக்கா. ஆனால் தடுப்பூசி போடப் போனபோது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஒரு வயது ஆகும்வரை தேன் கூடவே கூடாதாம். இவர்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நானும் சொல்லாமலே இருந்துவிட்டேன்."

பெண் சொன்னது முழுக்க முழுக்க உண்மை. உங்களில் பல பேர் வீட்டில் கைக்குழந்தை இருக்கும். ஆகவே கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். மண்ணிலும் தூசியிலும் இருக்கிற ஒரு கிருமியின் வித்து சில சமயம் தேனிலும் இருக்கும். க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்று அதற்குப் பெயர். நாம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. நம் குடல் அதை முளைக்க விடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலுக்கு அந்தச் சாமர்த்தியம் இன்னும் வரவில்லை. அங்கே வித்து முளைத்து விஷத்தைக் கக்கும். முதலில் மலச்சிக்கல்; அப்புறம் இமை சரியும், அழுகுரல் மெலியும், பால் குடிக்கத் திராணி இராது, கழுத்தும் கை கால்களும் துவண்டு போகும். மூச்சே தடைப்படலாம். அப்படி எதையாவது கண்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அபூர்வமாக வருகிற வியாதிதான். ஆனால் ஒரு துளித் தேனுக்காக அந்த அபாயத்தை ஏன் ஏற்க வேண்டும்?

காட்டுத் தேன், பெட்டித் தேன், கடைத் தேன் எதுவானாலும் விலக்கில்லை. தேன் எவ்வளவு சுத்தமானது என்பது இங்கே கேள்வியே அல்ல. வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது.

நான் பால்கனிக்குப் போனேன். அறிவுரை சொல்லவில்லை, எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. "நானும் என் மூத்தவளுக்குத் தேன் தடவினவள்தான். தெரியாமல் செய்தேன். ஏதோ தப்பித்தது" என்று மட்டும் சொன்னேன். பிறகு, டாக்டர்களுக்கே இந்தச் சங்கதி 1976-இல்தான் தெரிந்தது, அதுவும் அமெரிக்காவில். நம் ஊர் வீடுகளுக்கு அது வந்து சேர எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்றேன்.

அம்மாள் ரொம்ப நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

"நான் ஒண்ணு சொல்லணும். இவ பொறந்த அன்னைக்கு ஆசுபத்திரியில எல்லாரும் வெளிய போனப்போ ஒரு துளி வச்சிட்டேன். யாருக்கும் தெரியாது."

பெண் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே திக்கென்றது. கோபமாகப் பேசியிருந்தால் யாரும் தப்பென்று சொல்லியிருக்க முடியாது. அவள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் டாக்டருக்கு டெலிபோன் செய்தாள். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள்.

"அந்த வியாதி வருவதானால் ஒரு மாதத்துக்குள் வந்திருக்குமாம் அத்தை. ஏழு மாதம் ஆகிவிட்டது. அதைப் பற்றி இனிக் கவலை வேண்டாம் என்கிறார். இனிமேல் மட்டும் கொடுக்கக் கூடாதாம்."

அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெண்ணும் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தை பாட்டியின் வளையலைப் பிடித்து இழுத்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கேள்விகள் வந்தன. "பால் குடுக்கிற நீ தேன் தின்னலாமா மக்களே?"

"தின்னலாம் அத்தை. பெரியவர்கள் வயிற்றில் அது முளைக்காது. பாலிலும் வராது."

"கடுகு?"

"எனக்கு ஒன்றும் செய்யாது. குழந்தைக்கு இந்தக் காரமெல்லாம் இப்போது எதற்கு?" என்று பெண் சிரித்துவிட்டாள். கடுகு சிலருக்கு ஒவ்வாமல் உடம்பில் தடிப்பு, மூச்சுத் திணறல் உண்டாக்கும். முன்பு அப்படி ஆனவர்கள் இதன் பக்கமே போக வேண்டாம் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். இன்னொன்று: சர்க்கரை வியாதிக்காரர்கள், 'தேன்தானே, சர்க்கரை இல்லையே' என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் கணக்கில் தேனும் சர்க்கரைதான். தேனைச் சில துளிகளாகக் குறைத்து, கடுகும் எலுமிச்சையும் தூக்கலாகச் செய்துகொள்ளலாம்.

அன்று மத்தியானம் நானும் அங்கேயே சாப்பிட்டேன். வெள்ளரிக்காயும் காரட்டும் கோஸும் மெல்லிசாக நறுக்கி, எங்கள் கலவையைத் தெளித்து, பெண் முதல் தட்டை மாமியாரிடம் கொடுத்தாள். அம்மாள் ஒரு வாய் தின்று பார்த்தார்.

"கொள்ளாம். தேங்கா இருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

"அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கிச்சடி அத்தை. எனக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்றாள் பெண்.

கிளம்பும்போது ஒரு காரியம் நடந்தது. அம்மாள் ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலை நன்றாகத் துடைத்து, மார்த்தாண்டம் தேனில் கொஞ்சத்தை அதில் ஊற்றி, இறுக மூடினார். மருமகளிடம் நீட்டி, "இதுல பிள்ளைக்கு ஒரு வயசு நிறையற தேதியை எழுது" என்றார். பெண் ஒரு காகிதத்தில் தேதியை எழுதி ஒட்டினாள். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதினாள்: 'முதல் துளி பாட்டி கையால்.'

அம்மாளுக்கு வாசிக்கத் தெரியும். படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிலை அலமாரியின் மேல் தட்டில், யார் கையும் எட்டாத இடத்தில் வைத்தார். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அதற்குள் தேன் மறுபடி அடியில் உறைந்துவிடும். உறையட்டுமே! வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகிவிடப் போகிறது.

அடுத்த வாரம்: அந்த வெள்ளரிக்காய்க் கிச்சடியைப் பக்குவம் தப்பாமல் எழுதித் தருகிறேன். கடுகைப் பச்சைத் தண்ணீரில்தான் சதைக்க வேண்டும் என்பதை மட்டும் அதுவரை மறந்துவிடாதீர்கள்!